பரீட்சை அக்காவின் எழுபத்திரண்டு

சலவைக்கூடத்தில் அவளுக்குப் 'பரீட்சை' என்று பட்டம் வைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. வயதில் சின்னவர்களுக்குப் பரீட்சை அக்கா. மூன்றாம் மிஷினை ஓட்டும் பெரியண்ணனுக்கு வெறும் பரீட்சை. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் இப்படி ஒரு பட்டம் எப்படி வந்தது என்றால், இருபத்தாறாவது வயதில் அவள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறேன் என்று லீவு கேட்டாள். கணக்கில் கோட்டை விட்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடி லீவு. மறுபடியும் கணக்கு காலை வாரியது. மூன்றாவது முறை அவள் விண்ணப்பத்தோடு போய் நின்றபோது அப்போதைய சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இந்தப் பொண்ணுக்கு வருஷத்துல ரெண்டே சீசன்தான்யா. ஒண்ணு பரீட்சை, இன்னொண்ணு ரிசல்ட்டு."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த மூன்றாவது முறை முப்பத்தெட்டு மார்க் வாங்கித் தேறினாள். முப்பத்தொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு. இப்போது நாற்பத்தொன்று, தபால் வழியில் பட்டப்படிப்பு, மூன்றாம் வருஷம். அவள் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, பட்டம் வாங்கிய ஆள் கிடையாது. "நான் டிகிரி படிக்கிறேன்" என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு வரும். வரட்டுமே. உழைத்துச் சம்பாதித்த மிடுக்கு அது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் பத்தொன்பது வயதில் துணி மடிக்க இங்கே வந்தாள். படிக்கிற பழக்கம் வெள்ளைக் கோட்டுகளின் பைகளிலிருந்து தொற்றிக்கொண்டது. டாக்டர்களும் பயிற்சி நர்சுகளும் கோட்டைக் கழற்றிப் போடும்போது பையைத் துழாவிப் பார்ப்பதில்லை. பேனா, சீப்பு, நாலாக மடித்த குறிப்புத் தாள்கள் எல்லாம் அழுக்குத் துணியோடு வந்து சேரும். மற்றவர்கள் பேனாவை எடுத்துக்கொண்டு தாளைக் குப்பையில் போடுவார்கள். அவள் தாளை எடுத்துக்கொள்வாள். நனைந்திருந்தால் இஸ்திரி ரோலரின் ஓரத்தில் பரப்பிக் காயவைப்பாள். கை கழுவும் முறை, மருந்து அளவு, தேர்வுக்கு வரக்கூடிய பத்துக் கேள்விகள் என்று பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதிதான் அவளை விடாமல் அரித்தது.

ஐந்து வருஷம் மடிப்பு மேஜை. ஆறு வருஷம் இஸ்திரி ரோலர். பிறகு இரண்டாம் மிஷின். மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டு, "இப்போதைக்குப் பொறுப்பா பாத்துக்கங்கம்மா. நிரந்தரம் பத்திப் பின்னால பேசலாம்" என்றார். பெரியண்ணனுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவர் அன்றைக்கு டிராலியைத் தள்ளிய வேகத்தில் சுவரில் காரை பெயர்ந்தது, அவ்வளவுதான்.

தலைமை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்வதே அவள் வழக்கம். நூலகத்திலிருந்து நிர்வாகத் திறன் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தாள். தினமும் காலையில் ஒவ்வொருவரிடமும் அவர் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லிப் பாராட்டுங்கள் என்று ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, நேத்து டிராலியை எல்லாம் ஒரே வரிசையா நிறுத்தியிருந்தீங்க. பாக்கவே அழகா இருந்துச்சு."

பெரியண்ணன் தன் டிராலிகளை ஒருமுறை சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். அவள் மடிப்பு மேஜைக்குப் போனாள். அங்கே வாயாடி என்று பேரெடுத்தவள் நின்றிருந்தாள்.

"உன் மடிப்புல ஓரம் ஓரத்தோட அப்படியே ஒட்டிக்குது. உன்னை மாதிரி யாருக்கும் வராது."

வாயாடிக்குப் பேச்சே வரவில்லை. மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: ஆள்குறைப்பு வருகிறது, பரீட்சை எல்லாரையும் பாராட்டி வழியனுப்பி வைக்கிறாள். இரண்டு பேர் நிர்வாக அதிகாரியிடமே போய், பிள்ளை குட்டிக்காரர்கள், பார்த்துச் செய்யுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"ஏன்க்கா, நீ திட்டினாக்கூட நிம்மதியா வேலை பாப்போமே" என்றாள் வாயாடி. "நீ பாராட்டினா கணக்கு முடிக்கிற மாதிரி இருக்கு."

அவள் பாராட்டை நிறுத்தினாள். புத்தகத்தை நிறுத்தவில்லை, பாதியில் விட்ட புத்தகம் என்று அவள் வாழ்க்கையில் ஒன்றும் கிடையாது. கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தபோது ஒன்று தோன்றியது. எழுதியவர் கெட்டிக்காரர்தான். ஆனால் இந்தக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக யாரும் யாரையும் பாராட்டியதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் அதிகாரி அவளை மறுபடியும் கூப்பிட்டார். "வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருதும்மா. வெப்பப் பதிவேடுதான் முக்கியமா பாப்பாங்க. நல்லபடியா முடிஞ்சா வெள்ளிக்கிழமை உங்க ஆர்டர் டைப் ஆயிடும்."

அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரித் துணியை வெறுமனே துவைத்தால் போதாது, கிருமி சாகவேண்டும். அதற்குத் தண்ணீர் எழுபத்தோரு டிகிரிக்குக் குறையாமல் குறைந்தது மூன்று நிமிஷம் நிற்கவேண்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும், அதாவது மிஷினில் ஒரு தடவை போடும் துணிக்கும், வெப்பமானியைப் பார்த்து எண்ணைப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடவேண்டும். மூன்று மிஷினுக்கும் ஒரே பதிவேடு.

அதை அவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஆய்வுக்காக இல்லை, தன் படிப்புக்காக. புள்ளியியல் பாடத்தில் ஒப்படைப்பு ஒன்று இருந்தது: உங்கள் பணியிடத்திலிருந்து அறுபது அளவீடுகளை எடுத்து வரைபடம் வரைக, அவற்றில் காணப்படும் ஏற்ற இறக்கம் எதைக் காட்டுகிறது என விளக்குக. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேஜையைத் துடைத்து, கட்டம்போட்ட தாளை விரித்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எதிரே உட்கார்ந்து எண்களை வாசித்தாள். அவள் புள்ளி வைத்தாள்.

"எழுபத்திரண்டு."

"ம்."

"எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு."

பக்கத்து அறையில் படுத்திருந்த கணவன் குரல் கொடுத்தான். அவன் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். வாரத்தில் ஒரு மத்தியானம்தான் அவனுக்குத் தூக்கம். "என்ன, வீட்டை ஏலம் விடுறீங்களா? எழுபத்திரண்டுக்கு மேல யாரும் கேக்கமாட்டேங்கறாங்களே!"

இருபது எண்ணுக்குமேல் மகள் பதிவேட்டை மூடினாள். "அம்மா, மீதியை நான் மனப்பாடமாவே சொல்லிடுறேன். இங்க பாரு, நீ வரைஞ்சிருக்கறது கிராஃபா? துணி காயப்போடுற கயிறு மாதிரி இருக்கு."

"எல்லா ஈடும் சரியா போயிருக்குன்னு அர்த்தம்டி."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நீ ரெண்டு தடவை பாத்தா ரெண்டு நம்பர் வந்துச்சு. ஒரே வாய், ஒரே தெர்மாமீட்டர். இங்க மூணு மிஷின், மூணு ஆளு. எப்படிம்மா ஒரே நம்பர்?"

அவள் கேள்வித்தாளில் 'ஏற்ற இறக்கம் எதைக் காட்டுகிறது' என்ற வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளுக்குச் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

பதில் பதினொரு வருஷப் பழையது. இரண்டாம் மிஷினுக்கு வந்த முதல் வாரத்தில் அவள் உண்மையாகவே வெப்பமானியைப் பார்த்து எழுதினாள். வெப்பமானி மிஷினுக்குப் பின்னால், நீராவிக் குழாயை ஒட்டி இருக்கிறது. உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்து, முகத்தில் அனல் அடிக்க அடிக்க, கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கவேண்டும். அறுபத்தெட்டு என்று எழுதினாள், எழுபத்து நாலு என்று எழுதினாள். பழைய சூப்பர்வைசர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் இப்படி மேலயும் கீழயும் எழுதி வைக்கிற? மேலிடத்துல நூறு கேள்வி கேப்பான். எழுபத்திரண்டுன்னு எழுது, ஜோலி முடிஞ்சுது."

எழுதினாள். பரீட்சை எழுதி எழுதி அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதனால் மூன்று மிஷினுக்கும் சேர்த்து அவளையே எழுதச் சொன்னார்கள். புதிதாக வந்தவர்களுக்கு, "இந்தக் கட்டத்துல எழுபத்திரண்டு, இந்தக் கட்டத்துல உன் சுருக்கொப்பம்" என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். சில நாள் காலையிலேயே நாள் முழுவதுக்கும் எழுதி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். பொய் எழுதுகிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கட்டத்தை நிரப்புகிறோம் என்றுதான் தோன்றியது.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், முதல் ஈடு ஓடும்வரை காத்திருந்து, மிஷின்களுக்குப் பின்னால் நுழைந்தாள். பதினொரு வருஷத்தில் இடைவெளி குறைந்திருந்ததோ, உடம்பு கூடியிருந்ததோ, ரவிக்கைக் கை குழாயில் உரசிச் சுட்டது. கண்ணாடியைத் துடைத்தாள். முதல் மிஷின் எழுபத்து மூன்று. இரண்டாவது எழுபது. மூன்றாவதின் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். அறுபத்தொன்று.

அடுத்த ஈட்டிலும் அதே அறுபத்தொன்றுதான். மூன்றாம் மிஷினில்தான் தீக்காய வார்டுத் துணி போகிறது. எத்தனை நாளாக இப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்காகத்தான் அந்தப் பதிவேடு இருந்தது.

பெரியண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் நம்பாமல் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நீராவி வால்வு போயிருக்கும். சரி, வியாழன் போகட்டும். வெள்ளிக்கிழமை நானே புதுசா பாத்த மாதிரி சொல்றேன். உனக்கும் ஆர்டர் கைக்கு வந்துரும்."

"நாலு நாளு அண்ணே. அந்த வார்டுத் துணி?"

"இத்தனை நாளு போகலையா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குக் கிடைச்சா வயிறெரியறவன் நான்தான்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க. நானே சொல்றேன், நாலு நாளு வாயை மூடிட்டு இரு. இதைத் தோண்டினா நீ மட்டும் விழமாட்டே, எங்க எல்லாரையும் இழுத்துக்கிட்டு விழுவே."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அவள் பத்து மணிவரை யோசித்தாள். இதை வெளியே சொல்கிற விதத்தில் ஒரு சூது இருப்பது அவளுக்குத் தெரிந்தது. நான் பொறுப்புக்கு வந்தேன், பழைய ஆட்களின் தப்பைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லலாம். அதிகாரிக்கும் பிடிக்கும். படித்தவள் என்று பெயரும் வரும். நினைக்க நினைக்க அது தித்தித்தது; தித்தித்ததாலேயே அவளுக்குத் தன்மேல் பயம் வந்தது.

டீ நேரத்தில், எல்லாரும் மடிப்பு மேஜையைச் சுற்றி நின்றிருந்தபோது, அலமாரியின் அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிய பதினொரு வருஷப் பழைய பதிவேட்டை மேஜையில் விரித்தாள்.

"இது யாரு எழுத்து?"

வாயாடி எட்டிப் பார்த்தாள். "இதுல என்ன சந்தேகம்? அச்சடிச்ச மாதிரி இருக்கே. உன்னுதுதான்."

அவள் ஒரு பக்கத்தை வாசித்தாள். முதல் மூன்று நாள் அறுபத்தெட்டு, எழுபத்து நாலு, எழுபது, எழுபத்து மூன்று. நாலாம் நாளிலிருந்து எழுபத்திரண்டு. அடுத்த பக்கமும் எழுபத்திரண்டு. முதலில் ஒருவர் சிரித்தார். மூன்றாவது பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"நாலாம் நாள்ல இருந்து நான் எழுதினது பூரா பொய். உங்களுக்கும் நான்தான் கத்துக்கொடுத்தேன். மூணாம் மிஷின் இப்ப அறுபத்தொண்ணுல ஓடுது. இந்த ஈட்டோட அதை நிறுத்தறேன். அதிகாரிகிட்ட சொல்லப்போறேன். என் எழுத்தைக் காட்டித்தான் சொல்வேன், உங்க யாரோட சுருக்கொப்பத்தையும் காட்டமாட்டேன்."

"காட்டலேன்னா மட்டும்? அவங்களுக்குக் கண்ணு இல்லையா?" பெரியண்ணன் டீ டம்ளரை ஓங்கி வைத்தார். "வியாழக்கிழமை வரைக்கும் உன்னால பொறுக்க முடியல. படிச்ச திமிரு. நாங்க எல்லாம் படிக்காதவனுங்க, அதான் எங்க பேச்சைக் கேக்கமாட்டேங்கறே நீ!"

"படிக்காம இருந்திருந்தா எனக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது அண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

அவர் போய் மூன்றாம் மிஷினின் கதவருகே நின்றுகொண்டார். ஈடு முடிந்ததும் அவளே விசையை அணைத்தாள். இரண்டாவது மிஷினை இன்னும் கொஞ்சம் சூடேற்றிப் பார்த்தார்கள்; எழுபத்திரண்டு வந்தது. நிஜமான எழுபத்திரண்டு. அதை எழுதக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நிர்வாக அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏம்மா, வியாழக்கிழமைவரைக்கும் இதைச் சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?"

"தீக்காய வார்டுத் துணி சார் அது."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு வார்டுக்கும் பொறியாளருக்கும் போன் செய்தார். அந்த மட்டில் அவர் நல்ல மனிதர்.

அந்த மூன்று நாளும் கூடம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மூன்று மிஷின் வேலையை இரண்டு மிஷின் செய்தது. தீக்காய வார்டுக்குக் கொடுத்த அத்தனை விரிப்பையும் திரும்ப வாங்கித் திரும்பத் துவைத்தார்கள். ஒவ்வொரு வார்டிலிருந்தும் போன், ஒவ்வொன்றிலும் வசை. யாராவது ஒருவர் ஈட்டுக்கு ஒருமுறை பின்னால் நுழைந்து எண்ணைக் கத்தவேண்டும், அவள் எழுதுவாள். பெரியண்ணன் அவளோடு பேசவில்லை. எண்ணைக்கூட வாயாடியிடம் சொல்லி, வாயாடி அவளிடம் சொல்லவேண்டியிருந்தது. "மாமியார் மருமகள் சண்டை மாதிரி நடுவுல நான்" என்றாள் வாயாடி.

வியாழக்கிழமை வந்த ஆய்வாளர் ஒல்லியான, அதிகம் பேசாத அம்மாள். பதிவேட்டின் கடைசி மூன்று நாளைப் பார்த்தார், அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினார், மறுபடி கடைசிக்கு வந்தார்.

"திங்கட்கிழமை என்ன நடந்துச்சு?"

அவள் சொன்னாள். ஒப்படைப்புத் தாளையும் காட்டினாள். ஆய்வாளர் அந்த நேர்கோட்டை வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. "இதை ஏன் இத்தனை வருஷமா எந்த ஆய்வுக்குழுவும் கேக்கலை?" என்று அவளைக் கேட்காமல், தன்னோடு வந்தவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. கடுமையான குறைபாடு என்று சலவைக்கூடத்தின்மேல் குறிப்பு. எல்லாருக்கும் எழுத்துமூலம் எச்சரிக்கை, முதல் பெயர் அவளுடையது. நிரந்தரம் பற்றிய முடிவு ஆறு மாதம் தள்ளிவைப்பு, அதுவரை அவள் பொறுப்பிலேயே தொடரலாம். அவள் அதை மடிப்பு மேஜையில் நின்றபடியே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். முதல் பெயரை வாசிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. வீட்டில் மகளிடமும் கணவனிடமும் இந்த வாரம் ஆர்டர் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"இன்னும் ஆறு மாசமா உன்கூட!" என்று வாயாடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியண்ணன் சிரிக்கவில்லை. புது வால்வு போட்ட மூன்றாம் மிஷினுக்குப் பின்னால் போயிருந்தார். அவருடைய தோளும் ஈரத் துண்டும் மட்டும் தெரிந்தன. அந்த ஈட்டில் அறுவை அரங்கத்தின் பச்சைத் துணி, மத்தியானத்துக்குள் கொடுத்தாகவேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் வந்து கேட்டுப் போய்விட்டது. போன் வேறு அடிக்க ஆரம்பித்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. பதினொரு நாளைக்குப் பிறகு நேராக அவளைக் கூப்பிட்ட குரல்.

"ஏய் பரீட்சை! அறுபத்தொன்பது. எழுதிக்கோ."

"அறுபத்தொன்பதா?"

"காது கேக்கலையா? புது வால்வு இன்னும் சரியா செட் ஆகல. அறுபத்தொன்பது. இதை நான் வெளிய எடுக்கமாட்டேன், மறுபடி ஓட்டப்போறேன். முக்கால் மணி நேரம் ஆகும். போன் அடிக்கிது பாரு, அரங்கத்துக்காரனாத்தான் இருக்கும். நீயே பதில் சொல்லு, உனக்குத்தானே ஆறு மாசம் குடுத்திருக்காங்க."

அவள் எண்ணை எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் 'மறு ஈடு' என்று எழுதி, அவர் வந்து சுருக்கொப்பம் போட இடம் விட்டாள். பிறகு போனை எடுத்தாள். மறுமுனையில் இருந்தவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"தாமதம் என்னாலதாங்க" என்றாள். "முக்கால் மணி நேரத்துல நானே கொண்டுவந்து தர்றேன்."